விந்து மாதிரியும் வீட்டு ஃபிரிட்ஜும்

திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர்வெல் ரிக் வண்டி வட மாநிலம் போனால் திரும்ப மாதக்கணக்காகும். மனைவிக்குக் கருமுட்டை வெளிவரும் நாளில் கணவர் எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார். “சாம்பிளை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனால் ஆகாதா?” என்று கேட்கத் தோன்றுவது இயல்புதான்.

ஆகாது.

சட்டென்று குளிர்ந்தால் விந்தணுவின் மேலுறைக் கொழுப்பு இறுகி உறை சேதமாகும். நீந்தும் திறன் போய்விடும். ஐஸ் பெட்டியும் அப்படியே. வீட்டில் எடுத்தால், மருத்துவமனை தந்த டப்பாவில், உடம்புச் சூடு ஆறாமல், ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண ஆணுறையில் எடுக்கவே கூடாது.

ஆய்வகம் குளிர்விப்பது வேறு சங்கதி. அதில் கோழி முட்டைக்கும் பங்குண்டு என்பது நாமக்கல்காரர்களுக்கு இனிக்கும்! 1940 வாக்கில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிலிப்ஸ், லார்டி இருவரும், மஞ்சள் கரு கலந்த கரைசலில் காளை விந்து குளிரைத் தாங்குவதைக் காட்டினார்கள். மனித விந்தையும் அத்தகைய கரைசலில் கலந்து, மெல்ல மெல்ல 5 டிகிரிக்கு இறக்கினால் ஓரிரு நாள் தாங்கும். அப்போதும் நேரம் ஆக ஆக வேகம் குறையும்.

மாதக்கணக்கில் வைக்க, உறைய வைப்பதே வழி. 1949-இல் இங்கிலாந்தில் கிளிசரின் துணையோடு உறைந்து மீண்டது சேவல் விந்து. 1953-இல் உறைந்த மனித விந்தால் கருத்தரித்த செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவரின் நைட்ரஜன் கேனைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிரை விளக்க வேண்டியதில்லை: மைனஸ் 196 டிகிரி.

உறைய வைக்கும் மையத்தில் போடும் கையெழுத்தில்தான் கவனம் வேண்டும். 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, பதிவு பெற்ற மையமே இதைச் செய்யலாம். எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம். ஒருவர் இறந்தால் மாதிரியை என்ன செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். புற்றுநோயால் 2020-இல் இறந்த மகனின் உறைவிந்தைப் பெற, டெல்லிப் பெற்றோர் 2024 அக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருந்தார்கள்.

டப்பா மாறினால் இன்னும் மோசம். டெல்லியில் ஒரு தம்பதிக்குப் பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்குத் தந்தை வேறொருவர் என்று டி.என்.ஏ. பரிசோதனை சொன்னது. 2023-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் மருத்துவமனைத் தரப்புக்கு விதித்தது 1.5 கோடி ரூபாய். டப்பாவின் ஒட்டுச்சீட்டில் இருவர் பெயரும் சரியா என்று நின்று பார்ப்பதில் கூச்சம் எதற்கு?

தவறு நடந்தால் முதலில் மையத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கலாம். சிகிச்சை கோவையிலோ ஈரோட்டிலோ நடந்திருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட இடம் தருகிறது. பில், ஒப்புதல் படிவ நகலோடு இரண்டு ஆண்டுகளுக்குள் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.