அமெரிக்காவில் பிறந்து விசாகப்பட்டினத்தில் மூழ்கிய ‘காஸி’ நீர்மூழ்கி: என்ன நடந்தது?

1971 டிசம்பர் 3 நள்ளிரவு. விசாகப்பட்டினம் கரையோரம் பெரும் வெடிச்சத்தம். கடலுக்கடியில் உடைந்து கிடந்தது பாகிஸ்தானின் ‘காஸி’ நீர்மூழ்கி. அதிலிருந்த 90-க்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூட பிழைக்கவில்லை.

யார் கட்டியது?

இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்கா கட்டிய கப்பல்தான் இது. அப்போது பெயர் ‘டயப்ளோ’. 1945 மார்ச்சில் பணிக்கு வந்தது. ஆகஸ்டில் முதல் போர் ரோந்துக்குக் கிளம்பியது. சில நாட்களிலேயே ஜப்பான் சரணடைய, போரும் முடிந்துபோனது.

1964-ல் குத்தகைக்கு பாகிஸ்தான் வசம் போனது. தெற்காசிய நாடு ஒன்றுக்குக் கிடைத்த முதல் நீர்மூழ்கி இதுதான். இந்தியக் கடற்படையில் முதல் நீர்மூழ்கி சேர்ந்ததோ 1967-ல்தான்.

பழைய கப்பலை ஏன் அனுப்பினாங்க?

பாகிஸ்தானிடம் புதிய பிரெஞ்சு நீர்மூழ்கிகளும் இருந்தன. ஆனால் கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்காள விரிகுடா வரை வந்து திரும்பும் தெம்பு காஸிக்கு மட்டுமே இருந்தது. 1971 நவம்பர் 14-ல் புறப்பட்டது. இலக்கு, இந்தியாவின் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த். கூடவே கடலில் கண்ணிவெடி வைக்கும் வேலை.

இந்தியா போட்ட திட்டம்

கிழக்குக் கடற்படைத் தளபதி, நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், விக்ராந்தை அந்தமானுக்கு அனுப்பி மறைத்துவிட்டார். ‘ராஜ்புத்’ என்ற பழைய போர்க்கப்பல், தானே விக்ராந்த் என்பதுபோல வயர்லெஸ் தகவல்களை அனுப்பிக்கொண்டிருந்தது. கப்பற்படை வரப்போகிறது என்று பஜாரில் பேச்சு பரவட்டும் என, விசாகப்பட்டினத்தில் ஏராளமான இறைச்சி, காய்கறிக்கும் ஆர்டர் கொடுக்கப்பட்டது.

காஸி விசாகப்பட்டினம் வந்தது. அங்கே விக்ராந்த் இல்லை.

மூழ்கியது எப்படி?

ராஜ்புத் வீசிய, நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளால் மூழ்கியது என்கிறது இந்தியா. காஸி வைத்த கண்ணிவெடியே அதை அழித்தது என்கிறது பாகிஸ்தான். இந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

மூன்றும் ஒரே பக்கம்!

இதில் ஒரு வினோதம் உண்டு. ராஜ்புத், 1942-ல் பிரிட்டன் கடற்படையில் சேர்ந்த ‘ராதர்ஹாம்’. விக்ராந்த், 1943-ல் பிரிட்டனில் கட்டத் தொடங்கிய ‘ஹெர்குலிஸ்’. அதாவது தேடிய கப்பல், தேடப்பட்ட கப்பல், ஏமாற்றிய கப்பல் மூன்றுமே ஒரே போரில், ஒரே அணிக்காகக் கட்டப்பட்டவை. உலகப்போர் முடிந்து 26 ஆண்டுகள் கழித்து, இருவேறு நாட்டுக் கொடிகளின் கீழ் எதிரெதிரே நின்றன.

விக்ராந்தும் ராஜ்புத்தும் பின்னாளில் உடைக்கப்பட்டுவிட்டன. காஸி மட்டும் தன் வீரர்களோடு இன்றும் விசாகப்பட்டினம் கடலடியில் கிடக்கிறது.