அழுகைப் படம் என்று ஒதுக்கியவை

டக்ளஸ் சர்க் 1950களில் யுனிவர்சல் நிறுவனத்துக்கு எடுத்த குடும்பப் படங்களை அன்றைய அமெரிக்க விமர்சகர்கள் பலர், பெண்களை அழவைக்கும் சரக்கு என்றே ஒதுக்கினார்கள். கதையை மட்டும் பார்த்ததால் வந்த தீர்ப்பு அது. 1955இல் வந்த ‘ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்’ படத்தில் ஒரு விதவை தன்னைவிட இளையவனான தோட்டக்காரனை விரும்புகிறாள்; ஊர் வம்பு பேசுகிறது, பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். அவள் காதலைக் கைவிட்டதும் வீட்டுக்குப் பரிசாக ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வருகிறது. அதன் பெருமையை விற்பனையாளர் அளந்துகொண்டிருக்க, அணைந்த திரையில் விதவையாக நடிக்கும் ஜேன் வைமனின் தனித்த முகம் தெரிகிறது. வசனம் சொல்லும் ஆறுதலைப் பிம்பம் பொய்யாக்கிவிடுகிறது.

இதெல்லாம் அறிவுஜீவிகள் பின்னாளில் ஏற்றிச் சொன்னது என்பார்கள். 1971இல் ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பைண்டர் சர்க்கைப் புகழ்ந்து எழுதியது மறுமதிப்பீட்டுக்கு வேகம் தந்தது உண்மைதான். ஆனால் ஜன்னல் சட்டங்களும் கண்ணாடிகளும் படம் நெடுக அந்த விதவையை அடைத்து வைப்பதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. முடிவு சுபம்தானே என்றால், அந்தச் சுபத்துக்குத் தோட்டக்காரன் விபத்தில் படுக்கையில் விழ வேண்டியிருக்கிறது. (ஜன்னலோரம் வரும் மான் கொஞ்சம் அதிகம்தான்.) ஃபாஸ்பைண்டர் 1974இல் இதே கதையை மூத்த துப்புரவுப் பெண், மொராக்கோ தொழிலாளி என்று மாற்றி எடுத்தார், அதில் தொலைக்காட்சிப் பெட்டியை மகன் காலால் உதைத்தே உடைக்கிறான்.