சோப்பு வேண்டாம், வினிகர் போதும்

கடல்மீன் வளர்த்த பழைய மெரைன் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களின் கை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பைத்தான் தேடுகிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய் மீன் தொட்டி பராமரிப்பது என் தொழில். இலவசமாகக் கிடைத்த தொட்டியில் ஆசையாக விட்ட மீன்கள் ஏன் செத்தன என்று கேட்டு என்னிடம் வந்த பிள்ளைகளின் முகம் எனக்கு மறப்பதில்லை. சிலிக்கான் ஓரத்திலும் பம்பின் இடுக்கிலும் தங்கிவிடும் சோப்பு, மீனின் செவுளைத் தாக்கும்.

முதலில் தண்ணீர். மின்சாரத்தை நிறுத்தி, ஹீட்டர் ஆறிய பிறகே இறைக்க வேண்டும். சூடான ஹீட்டர் காற்றில் பட்டால் வெடிக்கக்கூடும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி சுமார் 190 லிட்டர் கொள்ளும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்பதால், அதில் ஆறரைக் கிலோ உப்பு கரைந்திருக்கிறது. தென்னைக்கும் செடிக்கும் ஊற்றாமல் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். மிஞ்சிய பாசியையோ மீனையோ கடலில் கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள்; அது தவறு. மீன் தொட்டிகளில் வளர்த்த காலெர்பா என்னும் பாசி 1984இல் மொனாக்கோ கரையோரம் தென்பட்டு, பிறகு மத்தியதரைக் கடலில் பரவி, அங்கிருந்த கடல்புல்லை நெருக்கியது.

காலியான கண்ணாடியில் ஊதா நிறத்தில் ஓடுபோல ஒட்டியிருப்பது ஒருவகைப் பாசி. அது தன் உடம்பிலேயே சுண்ணத்தைச் சேர்த்துக்கொள்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே சுண்ணம்தான். புளிப்புக்குத்தான் அது கரையும். தொட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, கறை மேல் பழைய துணியைப் பரப்பி, வெள்ளை வினிகரை ஊற்றி நனைத்து விடுங்கள். சிறு குமிழிகள் எழும். சுண்ணம் கரையும்போது வெளிவரும் கரியமில வாயு அது. அரை மணி நேரத்தில் கறை இளகிவிடும். கண்ணாடியானால் பிளேடால் சுரண்டலாம், ஆனால் மூலையிலுள்ள சிலிக்கானில் பிளேடு படக்கூடாது. அக்ரிலிக் தொட்டிக்குப் பிளேடே ஆகாது, பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். பம்பைப் பிரித்து, உள்ளே சுழலும் காந்தத்தைத் தனியே எடுத்து, பாதி வினிகர் பாதி தண்ணீர் கலந்த வாளியில் ஊறப்போடுங்கள். ஓடாது என்று ஒதுக்கிய பல பம்புகள் இப்படி எழுந்து ஓடியிருக்கின்றன. பாத்ரூம் ஆசிட்டின் பக்கமே போக வேண்டாம். அதன் புகை நெஞ்சைப் பிடிக்கும்.

மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்த தொட்டியென்றால் பிளீச் தேவைப்படும். வினிகரை முழுக்கக் கழுவிய பிறகே பிளீச்; இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சையும் நன்றாக அலசி, கடையில் விற்கும் ஆன்டி குளோரின் போட்ட தண்ணீரால் மறுபடி அலசுங்கள். பிறகு ஈரமே இல்லாமல் காய வேண்டும்.

தொட்டியிலிருந்த கல்லை வேகவைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. பொத்தான் போல விரியும் ஜோயாந்திட் உயிரிகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அந்த உயிரிகள் ஒட்டிய கல்லைக் கொதிக்க வைத்தவர்கள், ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். அடிமணல் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அள்ளிக் கொட்டிவிடுங்கள். அழகுக்கு வைத்த பவழத் துண்டு இருந்தால் தொட்டியோடு கைமாற்றாதீர்கள். 2001 முதல் நம் நாட்டுப் பவழங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. வனத்துறையிடம் கேட்டுச் செய்வதே முறை.

சமதளத்தில் தெர்மாகோல் விரித்து, தொட்டியை வைத்து நிரப்பி, ஒரு நாள் முழுக்கக் கசிகிறதா என்று பாருங்கள். கொடுக்கும்போது, முன்பு நோய்க்குச் செம்பு மருந்து போட்டிருந்தால் அதை எழுதியே கொடுங்கள். கல்லும் மணலும் செம்பைப் பிடித்துவைத்து மெல்ல வெளிவிடும். மீன் தாங்கும் அளவுச் செம்பைக்கூட இறாலும் நத்தையும் அனிமோனும் தாங்கா. விஷயம் தெரிந்தால், அவற்றை வளர்க்க ஆசைப்படுபவர் கல்லையும் மணலையும் விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் எடுத்துப்போவார்.