உங்களுக்குத் தெரியுமா?

செம்பட்டிப் பள்ளிப் பிள்ளைக்கு ஆபத்தென்றால் கைகொடுக்கும் 1098, மும்பைத் தெருவோரச் சிறார்களுக்காக 1996இல் பிறந்த எண்! டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தொடங்கியது.

• இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது.

• பிள்ளைதான் பேச வேண்டும் என்பதில்லை. பள்ளி நேரத்தில், புத்தகப்பையோடு பஸ் ஸ்டாண்டில் மிரண்டு நிற்கும் சிறுமியைப் பார்க்கும் பூக்காரம்மாவும் கூப்பிடலாம். தயவுசெய்து கூப்பிடுங்கள்.

• படிப்பில் குழப்பமா, தேர்வு பயமா, பள்ளியில் தொல்லையா? பள்ளிக்கல்வித் துறையின் 14417 இருக்கிறது.

• தனக்குக் கீழ் வேலை பார்ப்பவர் குழந்தையிடம் பாலியல் குற்றம் செய்தது தெரிந்தும் புகார் கொடுக்காத பள்ளிப் பொறுப்பாளருக்கு, போக்சோ சட்டப்படி 1 ஆண்டு வரை சிறை. ‘பள்ளி பேர் கெட்டுவிடும்’ என்ற சாக்கு செல்லாது.