குழந்தைகளும் கைச் சுத்திகரிப்பானும்

சானிடைசர் எனப்படும் கைச் சுத்திகரிப்பான், சோப்பும் தண்ணீரும் கிடைக்காத இடத்தில் கைக் கிருமிகளை அழிக்கப் பயன்படும் நீர்மம் அல்லது ஜெல் ஆகும். இதில் ஆல்ககால் பெரும்பாலும் 60 விழுக்காட்டிற்கு மேல் இருக்கும். உலக சுகாதார அமைப்பு வகுத்த கலவைகளுள் ஒன்றில் எத்தனால் 80 விழுக்காடு.

2021 சனவரி 31 அன்று மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டச் சிற்றூர் ஒன்றில், போலியோ சொட்டு மருந்துக்குப் பதிலாகச் சானிடைசர் தவறுதலாகப் புகட்டப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட 12 குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பின்னர் உடல்நலம் தேறினர். பெரியவர்களே குப்பி மாற்றி எடுக்கும்போது, வண்ணத்தையும் பழ வாசனையையும் கண்டு குழந்தை ஏமாறுவதில் வியப்பில்லை.

உள்ளங்கையில் தேய்த்த ஆல்ககால் விரைவில் ஆவியாகிவிடும். உலர்ந்தபின் குழந்தை விரலைச் சப்பினாலும் பெரும்பாலும் தீங்கில்லை. விழுங்கினால்தான் ஆபத்து. கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்குவதை ஆல்ககால் தடுக்கிறது. குழந்தைகளுக்குச் சர்க்கரைச் சேமிப்பு குறைவு என்பதால் இரத்தச் சர்க்கரை சரிந்து மயக்கமோ வலிப்போ வரலாம். கலப்படமாக மெத்தனால் சேர்ந்திருந்தால் பார்வையே பறிபோகலாம்.

கவனிக்க வேண்டியவை:

- வீட்டில் சோப்பும் தண்ணீருமே போதும்.
- குப்பியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும். குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கக் கூடாது.
- சிறு குழந்தைக்குப் பெரியவரே ஊற்றி, கை உலரும்வரை உடனிருக்க வேண்டும்.
- ஈரக் கையோடு அடுப்பையோ மத்தாப்பையோ நெருங்கவிடக் கூடாது.
- கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீரால் கழுவி, மருத்துவரிடம் காட்டவும்.
- விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழைக்கவும். குப்பியையும் கொண்டு செல்லவும்.