சர்வருக்கு ஏன் மூச்சு முட்டுகிறது?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில் எல்லார் வாயிலும் ஒரு வார்த்தை இருக்கும். "சர்வர் பிசி." தட்கல் டிக்கெட் எடுக்கப் போனாலும் இதே பதில்தான் கிடைக்கும். யார் இந்த சர்வர்? அவர் ஏன் எப்பப் பார்த்தாலும் பிசியாவே இருக்கிறார்? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1. சர்வர் என்பது யார்?

ஓட்டலில் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவரை சர்வர் என்கிறோம் இல்லையா? இதுவும் அதே வேலைதான். நாம் செல்போனில் ஒரு இணையதள முகவரியை அடித்தால், நம்ம கேள்வி எங்கேயோ இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குப் போகும். அது பதிலைத் தயார் செய்து திருப்பி அனுப்பும். அந்தக் கம்ப்யூட்டர்தான் சர்வர்.

அதற்குள் கணக்குப் போடும் மூளைக்கு பிராசசர் அல்லது சி.பி.யு. என்று பெயர். ஓட்டல் சமையலறையில் தோசை மாஸ்டர் மாதிரி. நாலு கோர் உள்ள சி.பி.யு. என்றால் நாலு மாஸ்டர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. நூறு சதவீதம் என்றால் கெட்டதா?

சி.பி.யு. 100 சதவீதம் ஓடுகிறது என்றால் மாஸ்டர்கள் ஒரு நொடிகூட சும்மா நிற்கவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரத்துக்கு அப்படி இருந்தால் தப்பே இல்லை. வரிசை வளர ஆரம்பித்தால்தான் வம்பு.

ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 10 பேருக்குத் தோசை போட முடியும், ஆனால் 12 பேர் வருகிறார்கள். நிமிடத்துக்கு 2 பேர் மிச்சம். அரை மணி நேரத்தில் 60 பேர் காத்து நிற்பார்கள். கூட்டம் கொஞ்சம்தான் அதிகம், ஆனால் வரிசை ரொம்ப நீளம்!

இந்த நேரத்தில் நாம என்ன செய்வோம்? ரீஃப்ரெஷ் பட்டனை அழுத்திக்கிட்டே இருப்போம். ஒவ்வொரு அழுத்தமும் ஒரு புது ஆர்டர். நாம் பழைய ஆர்டரை விட்டுவிட்டது பல நேரம் சர்வருக்குத் தெரியாது. அதனால் யாரும் சாப்பிடாத தோசையையும் சேர்த்துச் சுட்டுக்கொண்டிருக்கும்.

3. நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

டாக்டர் எடுத்தவுடனே ஊசி போடுவதில்லை. நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, பிறகுதான் மருந்து. சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களும் அப்படித்தான்.

(அ) யார் தின்கிறார்கள்? பெரும்பாலான சர்வர்களில் லினக்ஸ் ஓடுகிறது. அதில் 'டாப்' என்று ஒரு கட்டளை உண்டு. எந்தப் புரோகிராம் எவ்வளவு சி.பி.யு.வை எடுத்துக்கொள்கிறது என்று அது வரிசையாகக் காட்டும்.

(ஆ) வரிசை எவ்வளவு? அதே திரையில் 'லோடு ஆவரேஜ்' என்று மூன்று எண்கள் இருக்கும். கடைசி 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடத்தின் சராசரி அவை. நாலு கோருக்கு லோடு 4 என்றால் எல்லா மாஸ்டருக்கும் வேலை இருக்கிறது. 12 என்றால் எட்டு வேலைகள் காத்திருக்கின்றன. முதல் எண் மூன்றாவதைவிடப் பெரிசாக இருந்தால் கூட்டம் ஏறுகிறது, சின்னதாக இருந்தால் இறங்குகிறது.

சில சமயம் லோடு அதிகமாக இருக்கும், ஆனால் சி.பி.யு. சும்மாதான் இருக்கும். அப்போ டிஸ்க்கிலிருந்து தகவல் வரத் தாமதம் ஆகிறது என்று பொருள். மாஸ்டர் ரெடி, மாவு வரலை. இந்த இடத்தில் இன்னும் நாலு மாஸ்டரைப் போட்டாலும் பயன் இல்லை. அதனால்தான் முதலில் காரணத்தைப் பார்க்கணும்.

(இ) யார் வந்தார்கள்? 'லாக்' என்பது சர்வரின் வருகைப் பதிவேடு. ஒரே முகவரியிலிருந்து ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான கேள்வி வந்தால் அது மனுஷன் விரல் இல்லை. 'பாட்' எனப்படும் தானியங்கிப் புரோகிராம்.

(ஈ) தேடும் முறை சரியா? 2025இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் மேல். பெயர்களை ஒழுங்கில்லாமல் அடுக்கி வைத்தால் ஒருவரைத் தேட மொத்தப் பட்டியலையும் புரட்ட வேண்டியிருக்கும். பதிவெண் வரிசையில் அடுக்கினால்? அகராதியில் தேடுகிற மாதிரி நடுவில் திறந்து, முன்னாடியா பின்னாடியா என்று பார்த்துப் பாதியைத் தள்ளிவிடலாம். 2ஐ 20 முறை பெருக்கினால் 10,48,576. அதனால் 20 தடவை பாதியாக்கினாலே ஆளைப் பிடித்துவிடலாம்! இதற்கு 'இண்டெக்ஸ்' என்று பெயர். புது மெஷினே வாங்காமல் இது ஒன்றிலேயே சர்வர் பிழைத்த கதை நிறைய உண்டு.

4. ரயில் டிக்கெட் சொல்லும் பாடம்

ஐ.ஆர்.சி.டி.சி. 2002 ஆகஸ்ட்டில் இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. கூட்டம் கூடிக்கொண்டே போனது. 2014இல் புது அமைப்பைக் கொண்டுவந்து, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்று இருந்த திறனை 7,200 ஆக்கினார்கள். இது மாஸ்டர்களைக் கூட்டியது போல.

2015 ஜூன் 15 முதல் வேறொரு வழி. ஏ.சி. தட்கல் காலை 10 மணிக்கு, ஏ.சி. இல்லாததற்கு 11 மணிக்கு என்று பிரித்தார்கள். மெஷினைத் தொடாமலே ஒரு கூட்டத்தை இரண்டு கூட்டமாக்கிவிட்டார்கள்!

2025 ஜூனில் ரயில்வே சொன்ன தகவல்தான் அதிர்ச்சி. தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழையப் பார்ப்பவர்களில் பாதி வரை பாட்களாம். ஊருக்குப் போக ஒரு டிக்கெட்டுக்காக விரலை வைத்துக் காத்திருக்கிற மனுஷனோடு மெஷின் போட்டி போடுகிறது. சந்தேகப்பட்ட கணக்குகளை முடக்கினார்கள். ஜூலை 1 முதல் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பும் வந்தது.

உங்களுக்குத் தெரியுமா? 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயதைத் தாண்டியவர்கள் கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்ய கோவின் தளம் திறந்தது. ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம் கேள்விகள். 7 மணிக்குள் 80 லட்சம் பேருக்கு மேல் பதிந்தார்கள். மொத்தக் கேள்விகளோ 38 கோடிக்கு மேல். வகுத்துப் பாருங்கள், ஒரு பதிவுக்கு ஏறக்குறைய 48 கேள்வி!

5. ரிசல்ட்டும் டிக்கெட்டும் ஒன்றா?

இல்லை. ஒரு டிக்கெட் விற்றதும் மீதி எண்ணிக்கை மாறிவிடும், ஒவ்வொரு தடவையும் புதிசாகக் கணக்குப் போட்டே ஆகணும். ரிசல்ட் மாறாது. காலையில் பார்த்தாலும் சாயங்காலம் பார்த்தாலும் அதே மார்க்தான். அதனால் பதிலை முன்னாடியே தயார் செய்து பல இடங்களில் நகல் வைத்துவிடலாம். இதற்கு 'கேஷ்' என்று பெயர். சுட்ட தோசையை எடுத்து வைத்தால் ஆறிப்போகும், மார்க் ஆறாது! நம் மாநிலத்தில் ரிசல்ட்டைப் பல இணையதளங்களில் விடுவதும், செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவதும் கூட்டத்தைப் பிரிக்க உதவுகிறது.

6. நாம் செய்ய வேண்டியது

* பதிவெண், பிறந்த தேதியை முன்னாடியே தாளில் எழுதி வைக்கவும்.
* பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டுக் காத்திருக்கவும்.
* திறக்கவில்லை என்றால் சில நிமிடம் கழித்து முயலவும், அல்லது அரசு சொன்ன வேறு தளத்தைப் பார்க்கவும்.
* திறக்கவில்லை என்பதற்காக அழுகையோ பயமோ வேண்டாம். சர்வர் பிசி என்றால் மார்க் போச்சு என்று அர்த்தம் இல்லை.

அடுத்த வருஷம் அந்த வரிசையில் நிற்கப் போவது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற நாங்கள்தான். நாங்கள் பொறுமையாகக் காத்திருந்தால் பின்னாடி நிற்கிறவருக்கும் சீக்கிரம் கிடைக்கும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி
பாரிவாக்கம்