டைட்டில்னா என்ன? பேரா, பட்டமா, பாத்தியமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லை எடுத்துக்கப் போறோம். தமிழ் பேசும்போதே நாம தினமும் யூஸ் பண்ற சொல்தான்: டைட்டில்.

நாலு வாக்கியம் சொல்றேன், கேளுங்க.

"படத்துக்கு டைட்டில் வெச்சாச்சா?"

"இந்த சீசன் டைட்டில் யாருக்கு, சென்னைக்கா மும்பைக்கா?"

"ப்ரமோஷன் வந்துச்சே, இப்போ உன் டைட்டில் என்ன?"

"ஃப்ளாட் நல்லாத்தான் இருக்கு, டைட்டில் கிளியரான்னு பாருங்க."

நாலுலயும் ஒரே சொல். ஆனா இதைத் தமிழ்ல எழுதணும்னா நாலு சொல் வேணும். முதல்ல வர்றது தலைப்பு. ரெண்டாவது பட்டம். மூணாவது பதவிப் பெயர். நாலாவதுக்கு நம்மள்ல பலருக்கு சொல்லே வராது. ஆனா பத்திரம் எழுதுறவங்ககிட்ட ஒரு நல்ல சொல் இருக்கு: பாத்தியம். "எனக்குப் பாத்தியமாகி, என் சுவாதீன அனுபவத்தில் இருந்துவரும்"னு எழுதுவாங்களே, அந்தப் பாத்தியம்.

இதுக்கு ஏன் ஒரு எபிசோட்னு கேட்டா, முதல் டைட்டிலையும் நாலாவது டைட்டிலையும் ஒண்ணுன்னு நினைச்சா வாழ்க்கையோட பெரிய சேமிப்பு போயிடலாம். பேர் இருக்கறது வேற, உரிமை இருக்கறது வேற. இங்கிலீஷ் ரெண்டையும் ஒரே டப்பாக்குள்ள போட்டு வெச்சிருக்கு.

ஜாடியில எழுதின எழுத்து

மூலம் லத்தீன். 'டிட்டுலுஸ்'னு சொல்வாங்க. எழுத்துப் பொறிப்பு, பலகை, லேபிள்னு அர்த்தம். ரோமானியர்கள் எண்ணெயும் ஒயினும் ஏத்தி அனுப்பின மண் ஜாடிகள் மேல மையால எழுதுவாங்க. உள்ள என்ன இருக்கு, எவ்வளவு எடை, எந்த வியாபாரி. இந்த எழுத்துகளைத் தொல்லியல்ல இன்னைக்கும் 'டிட்டுலி பிக்டி'ன்னுதான் சொல்றாங்க. இயேசுவோட சிலுவைக்கு மேல வெச்ச பலகைக்கும் இதே பேர்தான். அது என்ன குற்றச்சாட்டுன்னு ஊருக்குச் சொல்ற பலகை.

ஆக, ஆரம்பத்துலயே ரெண்டு வேலை. இது என்னன்னு சொல்றது ஒண்ணு. எந்த அடிப்படையில, யாரோடதுன்னு சொல்றது இன்னொண்ணு. முதல் வேலையில இருந்து புத்தகத் தலைப்பு வந்தது. ரெண்டாவதுல இருந்து சொத்துரிமை வந்தது.

நம்ம தொழில்காரங்களுக்கு ஒரு குட்டித் தகவல். டெர்மினல்ல ஹோம் டைரக்டரிக்குப் போகத் தட்டுற அந்த நெளிகோடு, டில்டே, அதுவும் இதே லத்தீன் சொல்லோட வாரிசுதான். ஸ்பானிஷ் வழியா வந்தது.

தலைப்பு: யார் வேணா வைக்கலாம்

புத்தகம், படம், பாட்டு இதெல்லாம் சுலபமான டைட்டில். பதிப்பகக்காரங்க மட்டும் இதை எண்ணிக்கைக்கும் யூஸ் பண்ணுவாங்க. "எங்ககிட்ட 500 டைட்டில் இருக்கு"ன்னா 500 பிரதி இல்ல, 500 வேற வேற புத்தகம்.

இந்த டைட்டில்ல உரிமை ரொம்பக் கம்மி. வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது. 'தேசி பாய்ஸ்' இந்திப் படம் சம்பந்தப்பட்ட வழக்குல 2015ல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லிடுச்சு: தலைப்பு மட்டுமே ஒரு படைப்பு ஆகாது. அப்போ சினிமாவுல "அந்த டைட்டில் ஏற்கனவே ரெஜிஸ்டர் ஆயிடுச்சு"ன்னு சொல்றாங்களேன்னு கேட்பீங்க. அது தயாரிப்பாளர் சங்கங்கள் தங்களுக்குள்ள வெச்சிருக்கற ஏற்பாடு. காப்புரிமை அதனால வந்துடாது. ட்ரேட்மார்க் சட்டம் தனிக் கதை.

ஆனா வெறும் பேருக்கும் சில சமயம் பண மதிப்பு வந்துடும். 2006ல தமிழ்நாடு அரசு, தமிழ்ல பேர் வெச்ச படங்களுக்கு கேளிக்கை வரி விலக்கு கொடுத்தது. அதுக்கப்புறம் டைட்டில் வைக்கறது கணக்குப் புத்தகம் சம்பந்தப்பட்ட விஷயமாவும் ஆயிடுச்சு.

பட்டம்: கொடுத்தவர் யார்?

அடுத்தது பேருக்கு முன்னாடி ஒட்டிக்கற டைட்டில். மிஸ்டர், டாக்டர், சர். பிரிட்டன்ல 'சர்' பட்டம் முதல் பேரோடதான் சேரும். சர் ஐசக் சரி, சர் நியூட்டன் தப்பு. அதே ஊர்ல சர்ஜன்கள் டாக்டர்னு போட்டுக்க மாட்டாங்க, மிஸ்டர்னுதான் வழக்கம். டாக்டர்ல இருந்து மிஸ்டருக்கு மாறினா அங்க அது ஏற்றம்!

இந்த டைட்டில்ல கேட்க வேண்டிய கேள்வி: யார் கொடுத்தது? சி.வி. ராமனுக்கு 1929ல சர் பட்டம் கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. தாகூருக்கு 1915ல கொடுத்தாங்க. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு அப்புறம், 1919ல, அது வேண்டாம்னு வைஸ்ராய்க்கு அவர் கடிதம் எழுதினார். அதாவது பட்டத்தை ஏத்துக்கறதுங்கறது கொடுக்கறவங்களோட அதிகாரத்தையும் ஏத்துக்கற மாதிரி.

நம்ம அரசியலமைப்பு எழுதினவங்களுக்கு இது நல்லாவே தெரியும். அதனால 18ஆவது பிரிவுலயே, ராணுவ, கல்விச் சிறப்புகளைத் தவிர அரசு எந்தப் பட்டமும் கொடுக்கக் கூடாதுன்னு வெச்சுட்டாங்க. அப்போ பாரத ரத்னா, பத்ம விருதுகள்? 1995 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்னது: அது விருது, பட்டம் இல்ல. ஆனா பேருக்கு முன்னாடியோ பின்னாடியோ போட்டுக்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகையில 'பத்மஸ்ரீ'ன்னு பேரோட சேர்த்துப் போட்டிருந்தா, அந்தத் தீர்ப்புப்படி அது சரியில்ல.

ஜெயிச்சது, நிலைச்சது

விளையாட்டுல டைட்டில்னா சாம்பியன் பட்டம். இதுக்கு செஸ்ஸை விட நல்ல உதாரணம் கிடையாது, ஏன்னா அங்க ரெண்டு வகை டைட்டில் பக்கத்துல பக்கத்துல இருக்கு.

விஸ்வநாதன் ஆனந்த் 1988ல இந்தியாவோட முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அது ஒரு டைட்டில். உலக சாம்பியனும் ஆனார். அதுவும் டைட்டில். 2013ல சென்னையிலயே நடந்த போட்டியில மேக்னஸ் கார்ல்சன் அவரை ஜெயிச்சார். உலக சாம்பியன் டைட்டில் போயிடுச்சு. கிராண்ட்மாஸ்டர் டைட்டில் அப்படியே இருக்கு, அது ஆயுசுக்கும். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல டிங் லிரனை ஜெயிச்ச குகேஷுக்கும் இதே கணக்குதான். ஒண்ணு தகுதி, இன்னொண்ணு நாற்காலி. நாற்காலியில வேற ஒருத்தர் உட்காரலாம்.

தோக்காமலே டைட்டில் போனதும் உண்டு. வியட்நாம் போருக்காக ராணுவத்துல சேர மாட்டேன்னு 1967ல முகமது அலி மறுத்தார். ரிங்குல யாரும் அவரை அடிச்சு வீழ்த்தல, ஆனா குத்துச்சண்டை அமைப்புகள் டைட்டிலைப் பறிச்சுட்டாங்க. 1971ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் மேல இருந்த தண்டனையை ரத்து செஞ்சது. ஆனா டைட்டில் திரும்பி வரல. அதுக்கு 1974ல கின்ஷாசா போய், ஜார்ஜ் ஃபோர்மேனை ஜெயிக்க வேண்டியிருந்தது. கோர்ட் நியாயம் கொடுக்கலாம், பெல்ட்டை ரிங்குலதான் வாங்கணும்.

ஆபீஸ் டைட்டில்

இதை சீக்கிரம் முடிச்சுடறேன், உங்களுக்கே தெரியும். ஒரு கம்பெனியில லீட்னு சொல்றது இன்னொரு கம்பெனியில சீனியர். பேங்க் பக்கம் போனா வைஸ் பிரசிடெண்ட் ஒரு மாடிக்கே நாலு பேர் இருப்பாங்க. கம்பெனி கொடுத்தது, கம்பெனிக்குள்ள செல்லும். ஆனா எல்லா இடத்துலயும் இவ்வளவு லேசா எடுத்துக்க மாட்டாங்க. கனடாவுல 'இன்ஜினியர்'ங்கறது சட்டம் பாதுகாக்கற டைட்டில். மாகாண அமைப்புகிட்ட லைசென்ஸ் வாங்காம அதைப் போட்டுக்கறது பிரச்சனை. நம்ம ஊர் சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் அங்க போய் விசிட்டிங் கார்டு அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிக்கணும்.

கோட்லயும் இதே குழப்பம்தான். ஹெச்டிஎம்எல்ல டைட்டில் டேக்னா பிரவுசர் டேப்ல தெரியற பேர். டைட்டில் ஆட்ரிபியூட்னா மவுஸ் வெச்சா எட்டிப் பாக்கற குறிப்பு. ஆப்பைத் தமிழ்ல மொழிபெயர்க்கும்போது, மொழிபெயர்க்கறவங்களுக்கு 'டைட்டில்'ங்கற ஒத்தைச் சொல்லை மட்டும் அனுப்பினா, திரு, திருமதி, டாக்டர்னு வர்ற டிராப்டவுனுக்கு மேல 'தலைப்பு'ன்னு வந்து நிக்கும். மொழிபெயர்த்தவங்க மேல தப்பில்ல. கூடவே இடம் என்னன்னு சொல்லணும். கெட்டெக்ஸ்ட் மாதிரி கருவிகள்ல அதுக்குன்னே சூழல் குறிக்க வசதி இருக்கு, நாமதான் நிரப்ப மாட்டோம்.

என்டைட்டில்ட்

இந்தச் சொல்லுக்குள்ளயும் டைட்டில் ஒளிஞ்சிருக்கு. ஒரு புத்தகம் இன்ன பேர்ல 'என்டைட்டில்ட்'னா, பேர் வெச்சிருக்காங்க. நீங்க 12 நாள் லீவுக்கு 'என்டைட்டில்ட்'னா, அது உங்க உரிமை, மேனேஜர் போடற பிச்சை இல்ல. "அவன் ரொம்ப என்டைட்டில்ட்"னா, இல்லாத உரிமையை இருக்கற மாதிரி நினைச்சுக்கறான்னு திட்டறது. பேர், உரிமை, உரிமைன்னு நினைப்பு. மூணும் ஒரே சொல்.

கடைசி டைட்டில்: பாத்தியம்

இப்போ முக்கியமான இடம். ஒரு நேயர் அனுப்பின கேள்வி: "பட்டா விக்கறவர் பேர்ல இருக்கு. வில்லங்கச் சான்றிதழ்ல ஒண்ணும் இல்ல. பத்திரமும் பதிவாகியிருக்கு. ஆனாலும் பேங்க் வக்கீல் டைட்டில் கிளியரா இல்லன்னு லோன் தரல. ஏன்?"

ஏன்னா இந்த மூணு தாள்ல எதுவுமே தனியா டைட்டில் இல்ல.

பட்டா வருவாய்த் துறை ஆவணம். நிலம் யார் பேர்ல கணக்குல இருக்குன்னு காட்டும். வருவாய்ப் பதிவுகள் உரிமையை உருவாக்கவும் செய்யாது, அழிக்கவும் செய்யாதுன்னு நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியாச்சு. வில்லங்கச் சான்றிதழ்ல பதிவு ஆன பரிமாற்றங்கள் மட்டும்தான் வரும். பதிவு? 1908 பதிவுச் சட்டப்படி நாம பதியறது பத்திரத்தை, உரிமையை இல்ல. 2025 ஏப்ரல்ல தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ பத்தின வழக்குல உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது: அந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுக்கறவருக்குப் பாத்தியம் இருக்கான்னு பாக்கறது சார்பதிவாளர் வேலை இல்ல.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். தாத்தா சுயமா சம்பாதிச்ச நிலம். உயில் எழுதாம இறந்துட்டார். ஒரு மகன், ரெண்டு மகள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பொண்ணுங்களுக்கும் சம பங்கு. ஆனா ஊர்ல இருந்தது மகன், பட்டாவைத் தன் பேருக்கு மாத்திக்கிட்டார். இப்போ உங்களுக்கு விக்கறார். பட்டா சுத்தம். வில்லங்கமும் சுத்தம், ஏன்னா சாவும் வாரிசுரிமையும் சார்பதிவாளர் ஆபீஸ்ல நடக்கற பரிமாற்றம் இல்ல. பதிவும் ஆயிடும். ஆனா தன்கிட்ட இல்லாததை யாரும் கொடுக்க முடியாது. உங்களுக்கு வந்தது அவர் பங்கு மட்டும்தான். பத்து வருஷம் கழிச்சு அத்தை கோர்ட்டுக்கு வந்தா, உங்க வீட்டுல அவங்களுக்கும் பங்கு இருக்கும். அதனாலதான் வக்கீல் வாரிசு சான்றிதழ் கேக்கறார்.

நம்ம மொழியில சொன்னா, டைட்டில்ங்கறது ஃபைல் இல்ல, கிட் ஹிஸ்டரி. ஒவ்வொரு கமிட்டும் அதுக்கு முந்தினதைக் காட்டும். பத்திரத்துல அதுக்குப் பேரே தாய்ப் பத்திரம்! வக்கீல் வழக்கமா 30 வருஷத்துக்குப் பின்னாடி வரைக்கும் போய், நடுவுல ஒரு கண்ணி விட்டுப் போயிருக்கான்னு பாப்பார். ஃப்ளாட் வாங்கினாலும் இதேதான். உங்களுக்கு வர்ற பிரிக்கப்படாத பங்கு எந்த நிலத்துல இருக்கோ, அந்த நிலத்தோட சங்கிலியைப் பாக்கணும்.

இப்படித்தான் உலகம் முழுக்கவும்னு இல்ல. 1858ல தெற்கு ஆஸ்திரேலியாவுல ராபர்ட் டாரன்ஸ் கொண்டு வந்த முறையில, அரசுப் பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர், அதுக்கு அரசே உத்தரவாதம். அங்க பேரும் உரிமையும் ஒண்ணாச்சு. இங்க இன்னும் ரெண்டும் தனித்தனி. அந்த இடைவெளியை நீங்களும் உங்க வக்கீலும்தான் நிரப்பணும்.

அதனால டைட்டில்ங்கற சொல் எங்க வந்தாலும் மூணு கேள்வி கேளுங்க. யார் கொடுத்தது? அவங்களுக்குக் கொடுக்க என்ன உரிமை? நாளைக்கு யார் இதை எடுத்துக்க முடியும்? படத் தலைப்புக்கும் ஆபீஸ் பதவிக்கும் பதில் தெரியலன்னாலும் பரவால்ல. வீட்டுக்கு மூணுக்கும் எழுத்துல பதில் வர்ற வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

லோன் கிடைக்காத அந்த நேயருக்கு: வக்கீல் எந்தக் கண்ணி விட்டுப் போச்சுன்னு சொல்றார்னு எழுதி வாங்குங்க. சில சமயம் அது சரி பண்ணக் கூடிய ஒரு விடுதலைப் பத்திரமாத்தான் இருக்கும். சரி பண்ண முடியாததுன்னா, பேங்க் உங்களைக் காப்பாத்தியிருக்குன்னு எடுத்துக்கோங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.